கருவுற்ற தாயும் உயிர்ச்சத்தும் நீரிழிவும்

1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் அங்குள்ள நோயாளிகளை உணவுக் கொட்டகையில் இரு வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு வார்டுக்கும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மற்றொரு வார்டுக்கும் அனுப்பப்பட்டனர். முதல் வார்டினர் சியாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசிச் சோற்றையும், இரண்டாம் வார்டினர் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசிச் சோற்றையும் உண்டனர். மற்றபடி இரு திறத்தாருக்கும் கறி, மீன், காய்கறி யாவும் ஒன்றே. ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி நோய் பரவிற்று; அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் அந்நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். நோய்க்குக் காரணம் இடமாக இருக்குமோ என்ற ஐயம் எழாதவாறு, இடையில் இரு திறத்தாரையும் வார்டு மாற்றியும் பார்த்தார் பிளெச்சர். நோய் இடத்தைப் பின்பற்றவில்லை, அரிசியையே பின்பற்றிற்று.

தம் உடலைக் குறித்து முடிவு செய்ய இயலாத நோயாளிகள் மீது இப்படி ஒரு சோதனை நடத்தியதை இன்றைய மருத்துவ அறம் ஒப்புக்கொள்ளாது. ஆயினும் அதன் முடிவு உலகுக்குப் பயன்பட்டது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போன அக்காலத்தில், தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் உழைத்த தமிழர்களை அது பெரும்பாலும் தீண்டாதிருந்ததன் காரணமும் விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உட்புறத்துக்குச் செல்கிறது. பின்னர் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலைப் பணியாளரிடையே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தனர். 'வைட்டமின்' என்ற சொல் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1912இல்தான் பிறந்தது. அரிசித் தவிட்டிலுள்ள பொருளைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல். அதுவே உயிர்ச்சத்து பி-1.

ஆக, உயிர்ச்சத்து ஆராய்ச்சியின் வரலாற்றில் கோலாலம்பூருக்கும் புழுங்கல் அரிசிக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அன்று காத்த சோறு இன்று காவாது. புழுங்கல் அரிசியும் மாவுச்சத்தே. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் இந்நோய், கருவுற்ற காலத்தில் தாயை நாடி வருவதும் மிகுந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் ஆய்வில், அண்மையில் மகப்பேறு கண்ட தாய்மார்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்ததாகத் தெரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையில் நான்கு இளம் ஆசிரியைகள் அமர்ந்திருந்தால், இக்கணக்கு எத்துணை அருகில் இருக்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

கர்ப்பகால நீரிழிவு தோன்றும் வழியை முதலில் அறிதல் வேண்டும். கரு வளர வளர, நஞ்சுக்கொடி சில இயக்குநீர்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலினின் ஆற்றலைத் தடுக்கின்றன. இது குற்றமன்று, இயற்கையின் ஏற்பாடு. தாயின் தசைகள் சர்க்கரையை விரைந்து உறிஞ்சாமல் இருந்தால்தான் குழந்தைக்கு அது போதிய அளவில் சென்று சேரும். இத்தடையை ஈடுசெய்யத் தாயின் கணையம் மிகுதியாக இன்சுலின் சுரக்க வேண்டும். சுரக்க முடியாதபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பெடர்சன் என்ற மருத்துவர் 1950களில் இதன் விளைவை விளக்கினார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆதலின் குழந்தை தன் சிறு கணையத்தைக் கொண்டே அச்சர்க்கரையைச் சமாளிக்கிறது. மிகுதியாக இன்சுலின் சுரந்து, கொழுத்து, பருத்துப் பிறக்கிறது. 'நாலு கிலோ பிள்ளை' என்று பாட்டிமார் பூரிப்பதுண்டு. அந்த எடைக்குப் பின்னால் சில வேளைகளில் இக்கதையும் இருக்கும் என்பதை அவர்கள் அறியார்.

இதில் உயிர்ச்சத்துக்கு என்ன பங்கு? இவ்வினாவுக்கு விடை காண இன்னொரு பழைய ஆராய்ச்சியிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ் சோகை கண்டு மடிவதன் காரணத்தை அறிவதே அவர் நோக்கம். பம்பாயில் மட்டுமன்றிக் குன்னூரிலும், பின்னர்ச் சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றிலும் அவர் பணியாற்றினார். எலிகளையும் குரங்குகளையும் அப்பெண்கள் உண்ட உணவையே உண்ணச் செய்து பார்த்தார். அவற்றுக்கும் சோகை கண்டது. அப்போது மலிவாகக் கிடைத்த 'மார்மைட்' என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் குரங்கு தேறிற்று, பெண்களும் தேறினர். 1931இல் இதனை அவர் வெளியிட்டார். கிள்ளானில் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும், கஞ்சியில் கலக்கிக் குழந்தைக்கு ஊட்டும் அதே கறுப்புச் சாறுதான். அதிலிருந்த பொருள் பின்னர் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் 'ஃபோலிக் அமிலம்' எனப் பெயர் பெற்றது. கருவுறும் முன்பும் கருவுற்ற தொடக்கத்திலும் இதனை உட்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடாமல் பிறக்கும் ஊனம் பெரிதும் குறையும் என்பது 1991இல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. தாய்சேய் நல கிளினிக்கில் மிஸ்ஸி தரும் சிறு மஞ்சள் மாத்திரையின் வரலாறு இதுவே.

ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு துணை உண்டு. அதுதான் உயிர்ச்சத்து பி-12. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட இது, இரத்தச் சிவப்பு நிறமுள்ளது; உயிர்ச்சத்துகளுள் மிகச் சிக்கலான அமைப்புடையது. இவ்விரண்டும் உடலில் ஒரே வேலையில் கைகோத்து நிற்கின்றன. ஃபோலிக் அமிலம் சுமந்து வரும் ஒரு சிறு கரிமப் பகுதியைப் பி-12 வாங்கி அடுத்த பொருளிடம் சேர்க்கிறது. வாங்க ஆள் இல்லையெனில் ஃபோலிக் அமிலம் சுமையை இறக்க முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இரத்தத்தைச் சோதித்தால் ஃபோலிக் அமிலம் நிறைய இருப்பதாகத் தெரியும். ஆனால் அது பயன்படாத நிறைவு. பி-12 குறைந்தால் மற்றொரு வேதிவினையும் தடைப்பட்டுக் கொழுப்பை எரிக்கும் வழி குழம்புகிறது என்றும், அதனால் உடலில் கொழுப்பு சேர்ந்து இன்சுலின் பயனற்றுப் போகிறது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இக்கருத்துக்கு வலுவூட்டியவை இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகள். புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு சிற்றூர்களில் 1990களில் கருவுற்ற தாய்மார்களைப் பதிவு செய்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர் மருத்துவர் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும். அத்தாய்மார்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குப் பி-12 குறைவு. 2008இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்து காணப்பட்ட பிள்ளைகள், பி-12 குறைந்தும் ஃபோலிக் அமிலம் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளே.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சி தாயைப் பற்றியது. 2009இல் வெளியான அதன்படி, நூற்றுக்கு 43 தாய்மார்களுக்குப் பி-12 குறைவு. குறைவு உள்ளவர்களிடையே கர்ப்பகால நீரிழிவு 8.7 விழுக்காடு, குறைவு இல்லாதவர்களிடையே 4.6 விழுக்காடு. ஏறத்தாழ இரு மடங்கு. பி-12 குறைந்தவர்களுக்குள்ளேயே, ஃபோலிக் அமிலம் ஏற ஏற நீரிழிவும் ஏறிற்று. இத்துடன் நிறுத்தினால் கதை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் நேர்மையான அவ்வாராய்ச்சியாளர்கள் மற்றொன்றும் எழுதியுள்ளனர்: பி-12 குறைந்த பெண்கள் உடல் பருமனும் மிகுந்தவர்கள், பருமனைக் கணக்கில் கழித்தால் இவ்வேறுபாடு உறுதி குன்றுகிறது. பி-12 குறைவால் பருமன் வந்ததா, பருமனால் நீரிழிவு வந்ததா, இரண்டும் வேறு ஏதோ ஒன்றால் வந்தனவா என்பதை ஒரு நாள் எடுத்த இரத்தம் சொல்லாது. சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' என்னும் தாய்சேய் ஆராய்ச்சியிலும் பி-12 குறைந்து ஃபோலிக் அமிலம் மிகுந்த தாய்மார்களிடையே கர்ப்பகால நீரிழிவு மிகுதி என்று 2018இல் தெரிய வந்தது. மூன்று ஊர்களிலும் ஒரே திசை காட்டும் செய்தியை எளிதில் புறக்கணித்தல் இயலாது.

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்குப் பி-12 குறையக்கூடும்? இவ்வுயிர்ச்சத்தை எந்தச் செடியும் மரமும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன, விலங்குகள் வழியாகவே அது நம்மை வந்தடைகிறது. ஆதலின் மரக்கறி மட்டும் உண்போர் இதனைப் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும், முட்டை உண்போராயின் முட்டையிலிருந்துமே பெற முடியும். கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு 2.6 மைக்ரோகிராம் தேவை என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராமும் ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராமும் உள்ளன. மாறாக, சாளை மீன் ஒரு துண்டு அந்நாளின் தேவையை நிறைவு செய்துவிடும். புரட்டாசி விரதம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், அதனால் தீங்கில்லை. கல்லீரல் பி-12ஐ ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கிறது. ஆண்டு முழுவதும் மரக்கறி உண்டு, பாலும் மிகுதியாக அருந்தாத பெண்களே கவனிக்க வேண்டியவர்கள்.

இங்கே ஓர் ஏமாற்றத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவுக் கடையில் நாளும் இரண்டு வேளை தேநீர் குடிப்பவர் பால் அருந்துவதாக நினைத்துக்கொள்கிறார். அத்தேநீரில் ஊற்றும் கெட்டிப்பால் டின்னின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்தல் நலம். பல டின்களில் 'கிரீமர்' என்றே அச்சிட்டுள்ளனர். அது பெரும்பாலும் சீனியும் செம்பனைக் கொழுப்பும். உயிர்ச்சத்து கிடைப்பது அரிது. சர்க்கரை கிடைப்பது உறுதி. கடற்பாசித் தூளும் தெம்பேயும் பி-12 தரும் என்பதும் நம்பத் தக்கதன்று. மேலும், கருவுறும் முன்னரே நீரிழிவுக்காகவோ சினைப்பைக் கட்டிகளுக்காகவோ 'மெட்ஃபார்மின்' மாத்திரையை நெடுநாள் உண்டவர்களுக்குப் பி-12 குறைவது தெரிந்த செய்தி. இத்தகையோர் மருத்துவரிடம் சொல்லிச் சோதித்துக்கொள்ளுதல் தகும்.

இவற்றைப் படிக்கும் ஒருவர், 'அப்படியாயின் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடலாமா?' என்று கேட்கக்கூடும். கூடாது. ஒருபோதும் கூடாது. முதுகுத்தண்டு மூடாத குழந்தை பிறப்பதைத் தடுப்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. மிகுந்த ஃபோலிக் அமிலம் நீரிழிவு தரும் என்பது இன்னும் ஐயத்தில் உள்ள கருத்து. உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம், இங்குத் தரப்படும் மாத்திரையோ பல வேளைகளில் 5 மில்லிகிராம். எவ்வளவு, எத்தனை மாதம் என்று மருத்துவரைக் கேட்கலாம். பி-12ஐச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்கலாம். பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவதுதான் பெருந்தீங்கு.

உயிர்ச்சத்து டியின் கதை வேறு வகையினது. இது சூரிய ஒளி பட்டுத் தோலில் உண்டாவது. நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே உள்ள இவ்வூரில் வெயிலுக்குப் பஞ்சம் ஏது என்று தோன்றும். எனினும், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள அரசினர் தாய்சேய் நல கிளினிக்குகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், மகப்பேற்றை நெருங்கிய தாய்மார்கள் பத்துப் பேரில் நால்வருக்குச் சற்று மிகுதியானோர் உயிர்ச்சத்து டி குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். தோட்டத்தில் வெயிலிலும் நிழலிலுமாக நடந்து பால்மரம் சீவிய பாட்டியின் பேத்தி இன்று குளிரூட்டிய அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ இருக்கிறாள். காலையில் இருட்டோடு போய் மாலையில் திரும்புகிறாள். கருந்தோல் இவ்வுயிர்ச்சத்தை உண்டாக்க வெண்தோலைக் காட்டிலும் நெடுநேரம் வெயில் தேவைப்படுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இக்குறைவு உள்ள தாய்மார்களிடையே கர்ப்பகால நீரிழிவு மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் இங்கும் பருமன் குறுக்கே நிற்கிறது. டி கொழுப்பில் கரைந்து கொழுப்பிலேயே தங்குவது; பருத்தவர் இரத்தத்தில் அது இயல்பாகவே குறையும். ஆகவே மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதே வினா. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராயும் 'காக்ரேன்' அமைப்பு 2019இல், டி மாத்திரை கர்ப்பகால நீரிழிவைக் குறைக்கக்கூடும் என்று எழுதிற்று. அதே அமைப்பு 2024இல் அச்சோதனைகளின் நம்பகத்தன்மையை மீண்டும் தூக்கிப் பார்த்தது. ஐயத்துக்குரிய பலவற்றை நீக்கிய பின் எஞ்சியவற்றைக் கொண்டு உறுதியாக எதுவும் கூற இயலாது என்று தன் கூற்றை மாற்றிக்கொண்டது. செய்தித்தாளில் வந்த முதற்செய்தியைக் கத்தரித்து வைத்தவர்கள் இரண்டாம் செய்தியையும் கத்தரித்து அதன் பக்கத்தில் ஒட்டுதல் வேண்டும்.

பிளெச்சரின் இரு வரிசை இங்கேதான் நினைவுக்கு வருகிறது. சியாம் அரிசி உண்பவர் நோயுறுகிறார், இந்திய அரிசி உண்பவர் நோயுறவில்லை என்று அவருக்கு முன்னரே பலர் கண்டிருந்தனர். ஆனால் அவர்கள் கண்டவர்களுள் முன்னவர் சீனர், பின்னவர் தமிழர். தொழில் வேறு, குடியிருப்பு வேறு, பழக்கம் வேறு. எண்ணிப் பிரித்து நிறுத்தியபோதுதான் அரிசி ஒன்றே வேறுபாடாக நின்றது. பி-12 கொடுத்தால் கர்ப்பகால நீரிழிவு குறையும் என்பதை அத்தகைய சோதனை இன்னும் மெய்ப்பிக்கவில்லை. பி-12 குறைந்தவருக்கு அதனைக் கொடுத்தல் வேண்டும் என்பது சோகைக்காகவும் நரம்புக்காகவும் குழந்தையின் மூளைக்காகவும். நீரிழிவுக்கான மருந்தென்று அன்று.

மெய்ப்பிக்கப்பட்டது மற்றொன்று. கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடித்து உணவாலும் தேவையாயின் இன்சுலினாலும் கட்டுப்படுத்தினால் குழந்தைக்கு வரும் கடுந்தீங்குகள் குறையும் என்பதை, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஆயிரம் தாய்மார்களை இரு பிரிவாக்கி 2005இல் நிலைநாட்டினர். மருத்துவம் பெற்ற பிரிவில் நூற்றுக்கு ஒரு குழந்தைக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கும் அத்தீங்கு நேர்ந்தது. ஆதலின் கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையே எந்த உயிர்ச்சத்து மாத்திரையினும் முதன்மையானது. இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் ஒரு முறை இரத்தம் எடுப்பர். 75 கிராம் குளுகோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை எடுப்பர். மலேசிய மருத்துவ நெறிமுறைப்படி முதலாவது 5.1 மில்லிமோல் அல்லது அதற்கு மேலும், இரண்டாவது 7.8 அல்லது அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். இரண்டும் மிகவேண்டும் என்பதில்லை. ஒன்று மிகினும் போதும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு நீரிழிவு இருந்தாலும், உடல் பருத்திருந்தாலும், முன்பு பருத்த குழந்தை பெற்றிருந்தாலும் முதல் வருகையிலேயே சோதனை உண்டு. அப்போது குற்றமில்லை என்றாலும் 24 முதல் 28ஆம் வாரத்துக்குள் மீண்டும் செய்வர். வேறு காரணம் இல்லாவிடினும் 25 வயது நிறைந்தவர்களுக்கு அவ்வாரங்களில் ஒரு முறை உண்டு. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் ஏழைப் பெண்கள் மறுமுறை வரமாட்டார்கள் என்பதை உணர்ந்து, உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 75 கிராம் குளுகோஸைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே முறை பார்க்கும் முறையை இந்தியாவில் பரப்பினார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்கும் ஓட வேண்டிய தாய்மார்களின் நிலை கிள்ளானிலும் அதுவே.

குளுகோஸ் நீர் குமட்டும். சிலர் பாதியில் வாந்தி எடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் வீடு திரும்புவதுண்டு. சொல்லிவிட்டால் வேறொரு நாள் குறித்துக் கொடுப்பர். சோதனைக்கு முன்தினம் மாமியார் சொன்னார் என்று சோற்றைக் குறைத்துப் பட்டினி கிடந்து, 'நல்ல' எண் வாங்க முயல்வோரும் உளர். அந்த எண் கர்ப்பப் புத்தகத்தில் ஏறிவிடும். சர்க்கரை குழந்தைக்கு ஏறுவதை அது தடுக்காது.

மகப்பேற்றுக்குப் பின் இரத்தச் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. அத்துடன் யாவரும் அதனை மறந்துவிடுகின்றனர். ஆனால் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, காணாதவளை விட ஏறத்தாழ பத்து மடங்கு என 2020இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆகவே குழந்தை பிறந்த ஆறாவது வாரத்தில் அதே சீனித் தண்ணீர்ச் சோதனையைத் தாய்க்கு மறுபடியும் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த வாரத்தில் தாய் குழந்தையின் எடையை நிறுக்கக் கிளினிக்குக்கு வருவாள். தனக்கும் ஒரு சோதனை உண்டு என்பதைக் கூட வருபவர் நினைவூட்டி, முதல் நாள் இரவே அவளுடைய புத்தகத்தையும் எடுத்து வைத்துவிட்டால், அன்றைக்கே அது முடிந்துவிடும்.